மேற்குச் சுவர்

என் கடையில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. செங்கல் சுவர் ஒன்றின் படம். ஆள் இல்லை, மரம் இல்லை, வானம்கூட இல்லை, வெறும் சுவர். பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் தங்கள் தாள் வெளியே வரும்வரை வேறு வேலை இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "இது எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். "இப்ப இல்ல" என்பேன். "இடிஞ்சிடுச்சா?" "இல்ல. கட்டினவளே உடைச்சிட்டா." அதற்கு மேலும் யாராவது கேட்டால், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் முழுக்கதையும் சொல்வேன். கூட்டம் இருந்தபோதும் சொல்லியிருக்கிறேன், அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

கட்டினவள் என் தங்கை. வீட்டில் அவளுக்கு டேப்பு என்று பெயர். எங்கள் அம்மா தையல்காரி. அம்மாவின் கழுத்தில் கிடக்க வேண்டிய அளவு டேப் எப்போதும் இவள் கையில்தான் இருக்கும். கட்டில், கதவு, தண்ணீர்க் குடம், பக்கத்து வீட்டு நாய் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. மாதத்துக்கு ஒரு தரம் அப்பாவின் தொப்பையை அளந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைப்பாள். அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர், உட்கார்ந்தே வேலை, எண் கூடிக்கொண்டே போனது. என் இரண்டு காதும் ஒரே அளவு இல்லை என்று கண்டுபிடித்து, அதை என் வகுப்புக்கே வந்து சொல்லிவிட்டுப் போன மகராசி அவள். அதற்காக அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். முன்னறைக்குத் தகரக் கூரை, மேற்கே பார்த்த வாசல். மதியத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்தால் அவிந்து போய்விடலாம். அம்மா தையல் மிஷினை அந்த முன்னறையில்தான் போட்டிருந்தாள். ஒரு மணிக்கு வெயில் காலைத் தொடும், மிஷினை இழுத்து இந்தப் பக்கம் போடுவாள். மூன்று மணிக்கு மறுபடி இழுப்பு. நாலரைக்கு இன்னொரு தரம். இரும்புக் கால்கள் தரையில் கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே மணி சொல்லலாம். டேப்புக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஒரு கோடை விடுமுறை முழுக்க, வெயில் எந்த மணிக்கு எங்கே வந்து விழுகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டாள். கோட்டுக்கு ஒரு மணி, மணிக்கு ஒரு கோடு. அம்மா துடைப்பத்தோடு வந்தால் கோட்டின் மேல் படுத்துக்கொள்வாள்.

"பெரியவளானதும் நான் ஒண்ணு கட்டுவேன்" என்று ஒருநாள் தரையில் படுத்தபடியே சொன்னாள். "அதுல யாருமே வெயிலுக்காக எழுந்து நகர வேண்டாம்."

நான் சிரித்தேன். அவளை எதற்கும் கேலி செய்யாமல் விட்டதில்லை நான். ஆனால் அவள் சொன்னது சொன்னதுதான். அதே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்க்கிடெக்ட் படிப்புக்கே போய்விட்டாள்.

ஐந்து வருடப் படிப்பு. அதில் பாதியை என் கடையில்தான் படித்தாள் என்று சொல்ல வேண்டும். ஆள் உயரத் தாள்களை அச்சடிக்கும் மிஷின் ஒன்றை அப்போதுதான் வாங்கிப் போட்டிருந்தேன். அவள் வந்தால் அது பயந்தே சிக்கிக்கொள்ளும். கடைசி வருடத்தில் கூடப் படித்தவர்கள் விமான நிலையம், அருங்காட்சியகம் என்று வரைந்து தள்ளினார்கள். இவள் பள்ளி பஸ் ஓட்டுநர்களுக்கு, காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவே படுத்து எழுந்திருக்க ஒரு ஓய்வறை வரைந்தாள். அப்பாவிடம் காட்டியபோது, "எங்களுக்குன்னு ஒரு கட்டடமா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் அந்தத் தாளைச் சுருட்டாமல் வைத்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் மதிப்பெண் என்னவோ சுமார்தான்.

முதல் வேலை ஒரு பெரிய கம்பெனியில். கண்ணாடிக் கட்டடங்கள் கட்டுகிறவர்கள். பதினொரு மாதம் அவளைக் கழிவறைகள் மட்டுமே வரைய விட்டார்கள். "உன் பிளான்ல எல்லாரும் வந்து உட்கார்றாங்கல்ல, அப்புறம் என்ன?" என்று நான் கேலி செய்வேன். பன்னிரண்டாவது மாதம், முழு மேற்குப் பக்கத்தையும் கண்ணாடியால் மூடுகிறார்களே, உள்ளே வேலை பார்க்கிறவர்கள் வெந்து போக மாட்டார்களா என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறாள். ஏசி எதற்கு இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த ஏசி வெளியே தள்ளும் சூடு எந்த வீட்டுக்குப் போகும் என்று மறுபடி கேட்டிருக்கிறாள். அதோடு கூட்டத்தை முடித்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நல்ல வேலையைக் கெடுத்துக்கொண்டாளே என்று எனக்கு ஆத்திரம். கண்டபடி திட்டினேன். திட்டி முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பயோடேட்டா பிரிண்ட் எடுத்துக் கொடு" என்றாள்.

இப்போது இருப்பது சின்ன அலுவலகம். ஒரு முதலாளி, ஒரு வரைவாளர், இவள். முதலாளி நல்ல மனிதர், ஆனால் வாயில் ஒரே வார்த்தைதான்: "பார்க்கலாம்." அவரிடம்தான் அந்த மருத்துவமனை வேலை வந்தது.

பிரசவ மருத்துவமனை, எப்போதும் நிரம்பி வழியும் இடம். உள்ளே ஒரு பெண் படுத்திருந்தால் வெளியே நாலு பேர் காத்திருப்பார்கள். உட்கார இடம் கிடையாது. பிரசவ வார்டின் வாசலில் மூன்று படிகள், மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். அந்தப் படிகளிலும், படிக்குக் கீழே வெறும் தரையிலும் அறுபது எழுபது பேர் பையும் பாட்டிலுமாகக் கிடப்பார்கள். அவர்களுக்கு முற்றத்தின் எதிர்ப்பக்கம் ஒரு காத்திருப்புக் கூடம் கட்ட வேண்டும்.

டேப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினைந்து நாள் அந்தப் படிக்கட்டிலேயே போய் உட்கார்ந்தாள். ஒவ்வொருவரிடமும் கேட்டாள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. நிழல் வேண்டும் என்றார்கள். காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும், பையை வைக்க இடம், போனுக்குச் சார்ஜ் போட இடம், பெண்களுக்குக் கழிவறை. எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். வெயில் எங்கிருந்து வருகிறது என்று மஞ்சள் அம்பு, காற்று எங்கிருந்து வருகிறது என்று நீல அம்பு. அந்த முதல் வரைபடத்தை நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். தாள் முழுக்க அம்பு. "போர்க்களம் மாதிரி இருக்கே" என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதே சமயம் மருத்துவமனையின் பின்பக்கம் ஒரு பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துச் செங்கல், கனமும் உரமுமாக இருந்தது. அதை லாரியில் ஏற்றிக் குளத்தில் கொட்டப் போவதாக இருந்தார்கள். டேப்பு லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். நிஜமாகவே நின்றாள், லாரிக்காரர் பிறகு என் கடைக்கு வந்தபோது சொன்னார். பதினெட்டாயிரம் செங்கல். ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு சுரண்டி, கழுவி, அடுக்கி, புதுச் செங்கல் ஒன்றுகூட வாங்காமல் அந்தக் கூடத்தை எழுப்பினாள்.

அதில் உயிர்நாடி மேற்குச் சுவர்தான். மதிய வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வரும், ஆகவே அங்கே ஜன்னலே இல்லை. இரண்டு வரிசைச் செங்கல், நடுவே காற்றுக்கு இடைவெளி, வெளிப்பக்கம் ஒரு கல் நீண்டு ஒரு கல் உள்வாங்கித் தன் நிழல் தன் மேலேயே விழும்படியான அடுக்கு. கொத்தனார் இரண்டு தரம் கோபித்துக்கொண்டு போனார், மூன்றாவது தரம் தன் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். கூடத்தின் மற்ற மூன்று பக்கமும் திறப்பு. கிழக்கே ஒரு பெரிய மரம், தெற்கிலிருந்து காற்று. வெளியே கொளுத்தும் நேரத்தில் உள்ளே ஐந்து டிகிரி குறைவு. ஏசி இல்லை, பெரிய செலவு இல்லை. திறந்த அன்று நான் போய் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அவளிடம், "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன். அன்று எடுத்த படம்தான் கடையில் இருப்பது.

யாரும் வந்து உட்காரவில்லை.

முதல் வாரம், இன்னும் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தாள். அம்புக்குறி போட்ட பலகை வைத்தாள். பிறகு தண்ணீர்க் குழாயைக் கூடத்தின் பக்கம் மாற்றச் சொன்னாள். ஜனங்கள் வந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டு படிக்கட்டுக்கே திரும்பிப் போனார்கள். நிர்வாக அலுவலர் காவலாளியை விட்டு எல்லாரையும் கூடத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் ஒவ்வொருவராக நழுவி வந்துவிட்டார்கள். படுக்கை எண் காட்டும் மின்பலகையும், எண்ணைச் சொல்லும் ஒலிபெருக்கியும் கூடத்தில் பொருத்தினார்கள். அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் மணிக்கு ஒரு தரம் எண்ணி எழுதுவாள். கூடத்தில் நாலு பேர், படிக்கட்டில் அறுபத்தொன்று. கூடத்து நாலு பேரில் இரண்டு பேர் தூங்க வந்த காவலாளிகள்.

மூன்று மாதம் ஆனது. அலுவலர் கெட்டவர் இல்லை. அவருக்கு மருந்துப் பெட்டிகளை வைக்க இடமில்லை, எல்லாம் தாழ்வாரத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேம்மா" என்றார். "அப்புறம் மிச்ச மூணு பக்கமும் அடைச்சு ஏசி போட்டு மருந்துக் கிடங்கா ஆக்கிடுவேன். உங்க சுவரு நல்லா கெட்டியா இருக்கு. கிடங்குக்குப் பொருத்தம்." பாராட்டாகத்தான் சொன்னார். டேப்பு அன்று வீட்டுக்கு வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது.

அந்த மாதத்தில்தான், பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே என் மனைவிக்கு வலி வந்தது. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. தூக்கிப் போட்டுக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போனோம். படுக்கை எண் பத்தொன்பது. உடனே அறுவைச் சிகிச்சை என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். நான் படியில் உட்கார்ந்தேன். தகரம் தலைக்கு மேல் தகித்தது. பக்கத்தில் ஒருவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தார். என் கையில் ஒரு பை. அதில் என்ன இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

மூன்றரை மணிக்கு டேப்பு ஓடி வந்தாள்.

"அண்ணா, இங்க ஏன் உட்கார்ந்திருக்கே? உள்ள வா."

"வரல."

"இந்தப் புழுக்கத்துல மயக்கம் போட்டு விழப்போறே. அங்க காத்து வருது, வாண்ணா..."

"வரலன்னு சொன்னேன்ல!" நான் கத்திவிட்டேன். "உன் அண்ணி உள்ள உயிருக்குப் போராடிட்டு இருக்கா. நான் உன் சுவருக்குப் பின்னாடி போய் ஜம்முனு காத்து வாங்கணுமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அடிபட்டவள் போல நின்றாள். "போர்டு இருக்குண்ணா" என்றாள் மெதுவாக. "ஸ்பீக்கர்ல கூப்பிடுவாங்க. நல்லா கேட்கும்."

"கேட்டா?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் படியை விட்டு எழுந்தால் ஏதோ நடந்துவிடும் என்று இருந்தது, அவ்வளவுதான். அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே, முற்றத்துக்கு அந்தப் பக்கம், அவளுடைய மேற்குச் சுவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அப்போது வார்டுக் கதவு திறந்தது. அறுபது பேரும் ஒன்றாக எழுந்தோம்.

வந்தது வார்டு ஆயா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், கனத்த உடம்பு, கையில் நனைந்த துண்டு. வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தை ஒரு தரம் பார்த்தாள், கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தது. இரண்டு மணி நேரத்தில் எனக்கும் பழகியிருந்தது. நல்ல சேதி என்றால் கதவு நிலையிலேயே சாய்ந்துகொள்வாள், மோவாய் கொஞ்சம் தூக்கியிருக்கும். அங்கிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். இல்லாவிட்டால் படி இறங்குவாள். அவள் முதல் படியில் காலை வைத்தால் போதும், நமக்காக இருக்கக் கூடாது, நமக்காக இருக்கக் கூடாது என்று அறுபது பேரும் மனசுக்குள் சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

இந்தத் தரம் அவள் படி இறங்கினாள். இரண்டாவது படிக்கு வந்து, "பதினொண்ணு வீட்டுக்காரங்க" என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். அவர் தோளில் கையை வைத்து ஓரமாகக் கூட்டிப் போனாள். அவர் அப்படியே கீழே உட்கார, அவளும் கூடவே உட்கார்ந்தாள்.

அதே நேரம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத கூடத்தில், ஒலிபெருக்கி "படுக்கை எண் பதினொன்று, படுக்கை எண் பதினொன்று" என்று மணியடித்தாற்போல் சொல்லிக்கொண்டிருந்தது.

டேப்பின் வாய் திறந்தபடியே இருந்தது. பதினைந்து நாள் இதே படியில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கதவு திறந்ததையும் மூடியதையும் நூறு தரம் பார்த்திருப்பாள். அதைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதவில்லை. அவள் கேட்டபோது யாரும் "கதவு தெரியணும்" என்று சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வார்கள்? அவள் கேட்ட நேரத்தில் எல்லாரும் கதவு தெரிகிற இடத்தில்தானே உட்கார்ந்திருந்தார்கள். நிழல் இல்லை, நிழல் கேட்டார்கள். கதவு இருந்தது, அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஆயா திரும்பி வந்தபோது டேப்பு எழுந்து போய், "ஸ்பீக்கர்ல சொல்லலாமேக்கா, எல்லாருக்கும் கேட்குமே" என்றாள். என்னைக் கேட்டால், தெரிந்துகொண்டேதான் கேட்டாள், கடைசியாக ஒரு தரம்.

"நம்பரை அந்தப் பொட்டி சொல்லிடும்மா" என்றாள் ஆயா. முகத்தில் வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. "குழந்தை போயிடுச்சுன்னு மைக்ல சொல்லச் சொல்றியா?"

டேப்பு வந்து உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டாள். எனக்கு என் கவலை. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு மறுபடி திறந்தது, ஆயா வந்தாள். நிலையில் சாய்ந்தாள். மோவாய் தூக்கியிருந்தது. "பத்தொம்போது! பொண்ணு! ரெண்டு பேரும் இருக்காங்க. குழந்தை சின்னது, கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கு, இருக்கணும் கொஞ்ச நாளு." நான் அழுதேன். பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்தவர், யாரென்றே தெரியாது, என்னைக் கட்டிக்கொண்டார்.

ஆயா உள்ளே போன பிறகும் டேப்பு கதவையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள்.

"எத்தனை அடி?" என்றேன்.

"நாப்பத்திரெண்டு." அளக்கவே இல்லை, மனப்பாடம். "முகம் தெரியுற தூரம்தாண்ணா. நான்தான் நடுவுல சுவர் வெச்சுட்டேன்."

மறுநாள் முதலாளியிடம் போய், மேற்குச் சுவரில் மூன்று பெரிய திறப்புகள் போட வேண்டும் என்றாள். உட்கார்ந்திருக்கிறவர்களின் கண்மட்டத்துக்கு, ஒவ்வொன்றும் எட்டடி அகலம். வார்டுக் கதவை நகர்த்த முடியாது, சுவரைத்தான் உடைக்க வேண்டும். அவர் பேனாவை மூடினார். "அந்தக் கட்டடமே அந்தச் சுவர்தான்" என்றார். தெரியும் என்றாள். "வெயில் உள்ள வரும்." வரும் என்றாள். அவர் "பார்க்கலாம்" என்று சொல்லப்போகிறார் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, அவர், "முதல்ல மேல பீமைக் குடுத்துட்டு அப்புறம் உடை. கூரை தலைல விழுந்திடப்போகுது" என்றார்.

அலுவலரைச் சமாளிப்பதுதான் பாடு. "நான் சுவர் கேட்டா, நீங்க இருக்கிற சுவரையும் உடைக்கிறேங்கிறீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மூன்று வாரம் கூடக் கொடுத்தார்.

புது வரைபடம் அச்சடிக்க என் கடைக்கு வந்தாள். மஞ்சள் அம்பு இருந்தது, நீல அம்பு இருந்தது. புதிதாக ஒரு சிவப்பு அம்பு, வார்டுக் கதவிலிருந்து கூடத்துப் பெஞ்சு வரைக்கும். ஓரத்தில் எந்த நிறம் எதற்கு என்ற விளக்கம்: மஞ்சள், வெயில். நீலம், காற்று. சிவப்பு, ஆயாவின் முகம். நான் சிரிக்கவில்லை. இரண்டு பிரதியாக எடுத்துக் கொடுத்தேன்.

உடைப்பதற்கு முந்தின நாள் வீட்டில் சாப்பிடும்போது அவள் தட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "மேல எட்டடிக்குப் பந்தல் மாதிரி நிழல் குடுத்தாலும் நாலரை மணிக்கு வெயில் உள்ள வந்துடும்மா" என்றாள். "வார்டுக் கூரைக்குப் பின்னாடி சூரியன் போற வரைக்கும் ஒரு மணி நேரம் எல்லாரும் எழுந்து நகர்ந்து உட்காரணும். யாரும் நகர வேண்டாம்னுதான் இந்தப் படிப்பே படிச்சேன்."

"நகர்றது ஒரு கஷ்டமாடி?" என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "உள் ரூம்ல நாள் பூரா நிழல்தான். மிஷினை அங்க போட்டிருந்தா நான் ஏன் நகரப்போறேன்?"

"அப்புறம் ஏம்மா முன்னறையில போட்ட?"

"உள்ளேருந்து தெரு தெரியாதே. நீங்க ரெண்டு பேரும் தெருவுல ஆடிக்கிட்டு இருப்பீங்க." நூல் கோத்தாயிற்று. அம்மா தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

டேப்பு என்னைப் பார்த்தாள். ஒரு கோடை முழுக்கத் தரையில் கோடு போட்டவள் அவள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஏனென்றால் இந்தத் தடவை கேலி செய்ய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

உடைக்கிற அன்று நானும் போனேன். கண்ணாடிப் பெட்டியில் மகள் இருந்தாள், தினமும் போகத்தான் வேண்டும். முதல் உளியை வைக்கக் கொத்தனாருக்குக் கை வரவில்லை. "நீயே வைம்மா" என்றார். அவள் வைத்தாள். கல்லைச் சேதமில்லாமல் எடுக்கச் சொல்லிக் கூடவே நின்றாள். எடுத்த செங்கல்லை மறுபடி சுரண்டிக் கழுவி, வெளிப் பந்தலுக்குத் தூண்களாகக் கட்டினார்கள். ஐந்து டிகிரி மூன்று டிகிரி ஆனது. அதை அறிக்கையில் மறைக்காமல் எழுதினாள், ஏன் என்றும் எழுதினாள்.

பந்தல் தூணில் சிமென்ட் காய்வதற்குள் ஜனங்கள் வந்துவிட்டார்கள். முதலில் ஒரு குடும்பம், பையோடு தயங்கித் தயங்கி. ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து, திறப்பு வழியாகக் கதவைப் பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து மறுபடி பார்த்து, பிறகுதான் பையைக் கீழே வைத்தாள். கூடக் கொடுத்த மூன்று வாரமும் முடிந்து அலுவலர் வந்தபோது அவருக்கு நிற்கக்கூட இடம் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மருந்துப் பெட்டிகள் இன்னும் தாழ்வாரத்தில்தான் இருக்கின்றன. அதற்கு ஒரு கிடங்கு வரைந்து தருவதாக டேப்பு வாக்குக் கொடுத்திருக்கிறாள், வரைந்துகொண்டும் இருக்கிறாள். இந்தத் தடவை பெட்டி தூக்குகிறவர்களோடு பத்து நாள் சேர்ந்து தூக்கிவிட்டுத்தான் பென்சிலை எடுத்தாள். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

என் மகளை இருபத்து மூன்றாம் நாள் கொடுத்தார்கள். அன்று நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். டேப்பு பக்கத்தில் இருந்தாள். நாலரை ஆயிற்று. வெயில் பந்தலுக்கு அடியில் நுழைந்து முதல் பெஞ்சின் மேல் ஏறியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓரடி ஈரடி நகர்ந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் தலையை நீட்டி, கதவு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். டேப்பு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. கூடம் மொத்தமும் திரும்பியது. நாற்பத்திரண்டு அடிக்கு அந்தப் பக்கம் ஆயா வந்து நின்றாள். படியைப் பார்த்தாளா, இல்லை. நிலையில் சாய்ந்தாள். கண்ணால் கூடத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்தாள். மோவாய் மேலே போனது. நம்பரைச் சொல்லவே இல்லை.

நான் எழுந்தேன். பையை எடுத்தேன், அதில் இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மா தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணி. இரண்டடி போனவன் திரும்பி வந்தேன். இருபத்தேழு வருஷமாக அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"நல்லா உடைச்சிருக்கே டேப்பு" என்றேன்.

அவள் அவசரமாகப் பையிலிருந்து டேப்பை எடுத்து, குனிந்து, பெஞ்சின் அகலத்தை அளக்க ஆரம்பித்தாள். அது அவளே போட்ட பெஞ்சு. நான் குழந்தையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோதும் அதையேதான் அளந்துகொண்டிருந்தாள்.